பூவரசுக்கு மேற்கே

கிருமாம்பாக்கம்
24.6.2024

புவனேஸ்வரிக்கு,

அக்கா என்று எழுத வரவில்லை, அதனால் எழுதவில்லை. எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். காரணம் உனக்குத் தெரியும்.

வலது கையை மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். கரும்பு வெட்டுகிற கத்தியை நீ கழுத்துக்குத்தான் ஓங்கினாய். பள்ளத்துக்குள் குனிந்து வேர் அறுத்துக்கொண்டிருந்தவன், காலடிச் சத்தம் கேட்டுக் கையைத் தூக்கினேன். கை போயிற்று, கழுத்து மிஞ்சியது. விழுந்த கையை யாரும் தேடவில்லை, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். சாயங்காலம் என் பெண்டாட்டி அம்சவள்ளி போய்ப் பார்த்தபோது, அறுத்துப்போட்ட வேரோடு வேராகக் கிடந்ததாம், எறும்பு மொய்த்து. டாக்டர் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார்.

உன் ஜாமீன் மனு தள்ளுபடி ஆனதற்கு நான்தான் காரணம். வெளியே விட்டால் மிச்சத்தையும் வெட்டுவாள் என்று அரசு வக்கீலிடம் சொன்னேன். பொய்யா சொன்னேன்?

இன்னொன்றையும் கேட்டுக்கொள். மடுகரை ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். நம் வயலோர மரங்களில் சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டிருந்ததை நீயும் பார்த்திருப்பாய். பூவரசுக்கு நாற்பத்தொன்று. செப்டம்பர் பாதிக்குள் எல்லாவற்றையும் அறுத்துச் சாய்த்துவிடுவார்கள். அறுக்காமல் வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடலாம். ஊரை விட்டுப் போன ஆறு வருடமாகப் பெங்களூரில் நான் செய்கிற வேலையே அதுதான். பெரிய மரத்தை ஒரே நாளில் பிடுங்க முடியாது. முதலில் ஒரு பாதியைச் சுற்றிப் பள்ளம் எடுத்து, வேரை ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, மணலும் எருவும் போட்டு மூட வேண்டும். அறுத்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் புது வேர் விடும். நாற்பது நாள் கழித்து மறு பாதி. அதுவும் வேர் விட்ட பிறகு தூக்கினால் மரம் பிழைக்கும்.

நான் கிழக்குப் பாதியை அறுத்து முடிக்கப் போகிற நேரத்தில்தான் நீ வந்தாய். இப்போது அது பாதி வேரோடு நிற்கிறது. மீதியை நான் தொடப் போவதில்லை. ஆடிக் காற்றில் சாயட்டும். சாயும் சத்தம் காலாப்பட்டு ஜெயில் வரை கேட்டால் நல்லது.

அரிகரன்


காலாப்பட்டு, மத்திய சிறை
5.7.2024

அரிகரனுக்கு,

உன் கடிதத்தை இங்கே அதிகாரி அம்மா படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். இதையும் படிப்பார். படிக்கட்டும். கழுத்துக்குத்தான் வீசினேன். போலீசிலும் அதையே சொன்னேன், வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

மறந்துவிட்டாயா, இல்லை மறந்த மாதிரி நடிக்கிறாயா? இரண்டரை வயதுப் பிள்ளை. என் மகாலட்சுமி. கரும்பு ஏற்றின ட்ராக்டரைப் பின்னால் எடுத்தாயே, ஒரு தரம் திரும்பிப் பார்த்தாயா? "மாமா, மாமா" என்று உன் பின்னாலேயே ஓடி வந்ததுதான் அது செய்த தப்பு. நான் களத்து மேட்டில் நின்று கத்தினேன். பாட்டுப் போட்டிருந்தாய், காதில் விழவில்லை. சக்கரத்தடியிலிருந்து நான் என்ன எடுத்தேன் என்று எழுதட்டுமா? வேண்டாம். உனக்குத் தூக்கம் வராதென்று இல்லை, எனக்கு வராது.

காரியம் முடிந்த அன்றே ஊர் முன்னால் சொன்னேன்: "இந்த வரப்புல இனிமே கால் வச்சே, உன்ன அறுத்துடுவேன்டா." சொன்னதைச் செய்தேன். சொல்லாததையா செய்தேன்?

சிவப்பு நம்பரையும் பார்த்தேன். அரசாங்கம் போட்ட நம்பர், அதோடு நான் பேசிக்கொள்வேன். ஆனால் அன்றைக்குக் கரும்புத் தோட்டத்திலிருந்து நான் ஏறி வரும்போது நீ எங்கே நின்றாய் தெரியுமா? ஆறு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் நான் விளக்கு வைக்கிற இடத்தில். சரியாக அந்த இடத்தில், இடுப்பளவு பள்ளத்தில், மண்வெட்டியும் ரம்பமுமாக. என் பிள்ளை படுத்திருக்கிற மண்ணை வாரி வாரி வெளியே கொட்டியிருந்தாய். கொன்றது போதவில்லை, தோண்டிப் பார்க்கவும் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். வேறு எவள் வேறு எதை நினைப்பாள்?

மரத்துக்கு வைத்தியமாம். வேரை அறுத்து மரத்தைப் பிழைக்க வைப்பானாம். கேட்பவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். என்னிடம் அளக்காதே.

வெளியே வருவேன். அன்றைக்கு இன்னொரு கை இருக்கும் உனக்கு.

புவனேஸ்வரி


கிருமாம்பாக்கம்
14.7.2024

புவனேஸ்வரிக்கு,

இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இன்னொரு கையையும் கேட்கிறாய், அதனால் சொல்கிறேன். படித்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை.

நீ விளக்கு வைக்கிற இடத்தில் பிள்ளை இல்லை.

பிள்ளையை எடுத்துப்போகும்போது பொம்பளை யாரும் வரக் கூடாது என்று உன்னை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினார்கள். சின்னப் பிள்ளை என்பதால் சொந்த நிலத்திலேயே புதைத்தார்கள். உன் வீட்டுக்காரரும் இன்னும் நான்கு பேரும்தான் போனது. என்னை அவர்கள் முதலிலேயே அடித்து, கரும்பில் உரித்துப்போட்ட காய்ந்த சோகைக் குவியலில் தள்ளியிருந்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். சோகைக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் பார்த்தேன். மரத்துக்கு மேற்கே ஐந்தடி தள்ளி, வாய்க்கால் பக்கம், தெற்கே தலை வைத்துப் புதைத்தார்கள். பூவரசு இலையைப் பரப்பி அதன் மேல்தான் படுக்க வைத்தார்கள்.

நீ பதினாறாம் நாள் போய்ப் பார்த்தபோது மரத்துக்குக் கிழக்கே ஒரு செங்கல் இருந்ததல்லவா? அதுதான் அடையாளம் என்று விளக்கு வைத்தாய். அது கரும்பு வெட்ட வந்தவர்கள் டீ போட அடுப்புக்கு வைத்த செங்கல். மூன்று இருந்தது, இரண்டை எடுத்துப் போய்விட்டார்கள்.

கிழக்கிலிருந்து நான் பள்ளம் எடுக்க ஆரம்பித்ததற்குக் காரணம் வேறு ஒன்றும் இல்லை. மேற்கே பிள்ளை இருக்கிறாள் என்று தெரியும். அந்தப் பக்கம் கடப்பாரை படக் கூடாது என்று பயந்துதான் கிழக்கே இறங்கினேன்.

உன்னிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே என்று அம்சவள்ளி கேட்கிறாள். எப்படிச் சொல்வது? வரப்பில் கால் வைத்தால் அறுப்பேன் என்றவளிடம் வரப்பில் நின்றா சொல்வது? நீ தோட்டத்தின் அந்தக் கடைசியில் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் இறங்கினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று கணக்கு.

என்னை நம்பாதே. உன் வீட்டுக்காரரைக் கேள். பலராமன் மாமா செங்கல் கதையெல்லாம் தெரிந்துதான் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அரிகரன்


காலாப்பட்டு, மத்திய சிறை
9.8.2024

அரிகரனுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. இரண்டு வாரம் எனக்குத் தாள், பேனா கிடையாது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கஸ்தூரி என்று ஒருத்தி, "கை வெட்டி" என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். எப்போதும் சிரித்துவிட்டுப் போகிறவள்தான் நான். உன் கடிதம் வந்த அன்றும் கூப்பிட்டாள். சாப்பாட்டுத் தட்டால் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்து, நெற்றியில் நான்கு தையல். பாவம், அவள் ஒன்றும் செய்யவில்லை. உன்னை அடிக்க முடியவில்லை, வீட்டுக்காரரை அடிக்க முடியவில்லை, என்னையும் எவ்வளவுதான் அடித்துக்கொள்வது.

போன வாரம் அவர் மனு போட்டுப் பார்க்க வந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"மேற்காலயா, கெழக்காலயா? ஒரே வார்த்த சொல்லு."

 "மேற்கால" என்றார்.

"ஏன்யா சொல்லல?"

"மொத நாளு வெளக்கு வச்சிட்டு வூட்டுக்கு வந்து, பதினாறு நாள் கழிச்சு அன்னைக்குத்தான் நீ சோறு துன்ன. அத இன்னான்னு சொல்லிக் கெடுக்கறது? அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு இருந்தேன். நாள் ஆக ஆக வாய் வரல புவனா."

வலையைப் பிடித்து ஆட்டினேன். கை எட்டியிருந்தால் அன்றைக்கு எனக்கு இரண்டாவது கேஸ். பெண் போலீஸ் இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுப்புக் கல்லுக்கு விளக்கு வைத்திருக்கிறேன். முந்நூறு வெள்ளிக்கிழமை இருக்குமா? எண்ணெய் விட்டு, பூ வைத்து, கல்லோடு பேசியிருக்கிறேன். பிள்ளை மரத்துக்கு அந்தப் பக்கம் கிடந்து கேட்டிருக்கும். அந்தக் கல்லுக்காக உன் கையையும் எடுத்தேன்.

எனக்கு வருத்தம் என்று எழுத வேண்டும். எழுதுகிறேன், எனக்கு வருத்தம். ஆனால் அந்தக் கை ட்ராக்டரின் கியரைப் போட்ட கை என்பதும் எனக்கு மறக்கவில்லை. இரண்டும் இருக்கிறது. பொய் எழுத மாட்டேன்.

மரம் நிற்கிறதா? அதைச் சொல். மேற்குப் பாதியை அறுத்தால் பிள்ளை என்ன ஆவாள்? அறுக்காவிட்டால் ரோடு போடுகிற இயந்திரம் வந்து வழிப்பது பிள்ளையையும் சேர்த்துத்தானே. மேலே தார் ஊற்றி லாரி போகும். இன்னொரு சக்கரம் அவள் மேல் ஏறக் கூடாது. அந்த மரத்தை அவளோடு, அந்த மண்ணோடு தூக்கி நம் வீட்டுக் கொல்லையில் வை. கெஞ்சவில்லை. நீதான் செய்தாக வேண்டும். உன்னை விட்டால் அதற்குக் கடன்பட்டவன் வேறு யாரும் இல்லை.

புவனேஸ்வரி


கிருமாம்பாக்கம்
17.8.2024

அக்காவுக்கு,

மரம் நிற்கிறது. நீ சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று நான் உட்கார்ந்திருக்கவில்லை. தையல் பிரித்த மறு வாரமே, ஜூலை இருபத்திரண்டாம் தேதி மேற்குப் பள்ளத்தை ஆரம்பித்துவிட்டேன். ஆடிக் காற்றில் சாயட்டும் என்று எழுதினது வாய்க்கொழுப்பு. காற்று அடித்த அன்று நானே இங்கிருந்து பஸ் ஏறி நம் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு பக்கமும் இரும்புக் கம்பி கட்டி இழுத்து வைத்தேன்.

ஒற்றைக் கையால் ரம்பம் பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல மாமாதான் தோண்டினார். முதல் நாளே எங்களுக்குள் சண்டை. "ஒரு வார்த்த நீ அவகிட்ட சொல்லியிருந்தா என் கை இருந்திருக்கும்யா" என்றேன். "நீ ஒரு தரம் திரும்பிப் பாத்திருந்தா என் பொண்ணு இருந்திருக்கும்டா" என்றார். பள்ளத்துக்குள்ளேயே கட்டிப் புரண்டோம். இடது கையால் அடித்ததில் அவருக்கு முன் பல் ஒன்று போயிற்று. அவர் என் வெட்டுக் காயத்தின் மேலேயே முட்டியை வைத்து அழுத்தினார். வலியில் மண்ணைக் கடித்தேன். அப்புறம் இரண்டு பேரும் வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தோம். அதிலிருந்து பேசாமலே செய்கிறோம், வேலை நன்றாக நடக்கிறது.

பிள்ளை என்ன ஆவாள் என்று கேட்டாய். வேர் மண் உருண்டையைச் சாதாரணமாக மரத்தைச் சுற்றி நாலடி, நாலரை அடி வைத்து வெட்டுவோம். பிள்ளை ஐந்தடியில் இருக்கிறாள். அப்படி வெட்டினால் பள்ளம் அவள் மேலேயே போகும். அதனால் மேற்குப் பக்கம் மட்டும் ஏழரை அடி விட்டு வெட்டியிருக்கிறேன். உருண்டை ஒரு பக்கம் பிதுங்கி நிற்கும். க்ரேன் வைத்திருக்கிற ராஜ்மோகன் வந்து பார்த்துவிட்டு, "இன்னாபா இது, ஒரு பக்கம் கனத்தா கவுந்துடும், கீழ நிக்கிறவன் கூழாயிடுவான்" என்றான். மேற்கே இருக்கிறது யார் என்று சொன்னேன். தலையைச் சொறிந்தான். பெரிய க்ரேன் கொண்டு வருகிறேன், கிழக்கே மணல் மூட்டை கட்டிச் சரிக்கட்டலாம் என்றிருக்கிறான்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அம்சவள்ளி ஆள் வைத்து எரு போட்டு மூடின கிழக்குப் பக்கத்து மண்ணை லேசாக விலக்கிப் பார்த்தேன். வெள்ளை வேர் விட்டிருக்கிறது, நூல் நூலாக. என் ரத்தம் கொட்டின இடத்தில்தான் அதிகம். எருவால் இருக்கும்.

இல்லாத கை அரிக்கிறது அக்கா. சொறிய இடம் இல்லாமல் உன்னைத்தான் திட்டுகிறேன்.

அரிகரன்


காலாப்பட்டு, மத்திய சிறை
26.8.2024

அரிகரனுக்கு,

ஒன்று கேட்கிறேன். இதுதான் கேட்பது, வேறு கேட்க மாட்டேன். தூக்குகிற அன்று நான் அங்கே இருக்க வேண்டும்.

அன்றைக்கு என்னை உள்ளே போட்டுப் பூட்டினார்கள் என்று சுலபமாக எழுதிவிட்டாய். நான்கு பெண்கள் என் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அம்சவள்ளியின் தோளைக் கடித்தேன், அவளுக்கு இன்னும் வடு இருக்கும், கேட்டுப் பார். ஜன்னல் கம்பியில் முகத்தை இடித்து ரத்தம் வந்தது. பெற்றவள் போனால் பிள்ளை ஆவி வீடு திரும்பும் என்று ஒரு கிழம் சொல்லிற்று. திரும்பட்டுமே, யார் வேண்டாம் என்றது? போன ஐந்து பேரும் பிடி மண் போட்டார்கள். ஊரில் இருக்கிற குடிகாரன் போட்டான். பத்து மாதம் சுமந்தவள் போடவில்லை. அதனால்தானே எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போயிற்று.

இன்னொரு தரம் அவளை எடுக்கிறார்கள், இன்னொரு தரம் வைக்கிறார்கள். இந்தத் தரம் நான் போட வேண்டும்.

புது ஜாமீன் மனு போட்டிருக்கிறார்கள். நீ மறுப்புச் சொல்லாமல் இருந்தால் கிடைக்கும் என்கிறார் வக்கீல். கேஸை வாபஸ் வாங்கு என்று கேட்கவில்லை. நான் வெட்டவில்லை என்று நீ பொய் சொன்னால் நானே எழுந்து வெட்டினேன் என்பேன். தண்டனை எத்தனை வருடமானாலும் போய் உட்காருவேன். நடுவில் அந்த ஒரு நாளை மட்டும் எனக்குக் கொடு.

புவனேஸ்வரி


மடுகரை
13.9.2024

அக்காவுக்கு,

மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்கு நேரம் இல்லை.

உனக்கு ஜாமீன் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன், கீழே கைநாட்டு வைத்தேன். ஒன்பதாம் தேதி வந்துவிடுவாய் என்று இருந்தோம். நீதிபதி விடுப்பில் போக, பதினெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். பதினெட்டு வரை மரத்தை நிறுத்திவைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பத்தாம் தேதி காலையில் ரோடு ஆட்கள் மரம் அறுக்கிற மெஷினோடு வந்துவிட்டார்கள். பதினைந்து வரை நாள் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "உனுக்காவ ரோடு நிக்குமா" என்று ஒருத்தன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். ஒற்றைக் கையன், ஊன்றிக்கொள்ள முடியாமல் விழுந்தேன். மாமா அதுவரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கடப்பாரையை எடுத்து அவர்கள் வண்டிக் கண்ணாடியை உடைத்தார். அடுத்த போடு மெஷின் வைத்திருந்தவன் முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. "என் பொண்ணு கீற எடம்டா, எவனாவது வாங்கடா" என்று மரத்தில் சாய்ந்து நின்றார். மூன்று பேர் சேர்ந்து அவரை அடித்தும் கடப்பாரையை விடவில்லை. போலீஸ் வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போய், மறுநாள் விட்டார்கள். இன்ஸ்பெக்டர் என்னிடம் இரண்டு நாள் கொடுத்தார். அதற்கு மேல் இல்லை என்றார்.

நேற்றுத் தூக்கினோம். கிளையைக் கழித்து, உருண்டையை ஈரச் சாக்கும் கயிறுமாகச் சுற்றி, அடியில் குழாய் கொடுத்து, பெல்ட் போட்டுத் தூக்கினான் ராஜ்மோகன். ஒரு ஆள் உயரம் எழும்பினதும் மேற்கே சாய்ந்தது. மணல் மூட்டைக் கயிறு ஒன்று அறுந்து என் காது பக்கம் போயிற்று. எல்லாரும் ஓடினார்கள். நான் மேற்குப் பக்கம் உருண்டைக்கு அடியில் போய் நின்றேன். விழுந்தால் என் மேல் விழட்டும் என்றுதான். ராஜ்மோகன் கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே மெல்ல இறக்கி, இன்னும் பத்து மூட்டை கட்டி, மறுபடி தூக்கினான். ஒரு பிடி மண் உதிரவில்லை. பிள்ளை அசையவில்லை.

லாரியில் கொண்டுவந்து, கொல்லையில் அதே திசை பார்த்து, மேற்கு மேற்காகவே இறக்கிவிட்டோம்.

இப்போது விஷயம். இறக்கின அன்றே குழியை மூடித் தண்ணீர் விட வேண்டும். அது எங்கள் தொழிலில் முதல் சட்டம். வேரில் காற்றுப் பட்டால் புது வேர் கருகும். கிழக்கையும், வடக்கையும், தெற்கையும் மூடிவிட்டேன். மேற்கை மூடவில்லை. ஈரச் சாக்குப் போட்டு மணிக்கு ஒரு தரம் தண்ணீர் தெளிக்கிறோம். பதினெட்டாம் தேதி வரை தாங்கும் என்று நினைக்கிறேன். நிச்சயம் சொல்ல முடியாது. இந்தச் சட்டத்தை மீறின எவனையும் நான் வேலைக்கு வைத்துக்கொண்டதில்லை. ஆனால் உனக்கு வைத்திருக்கிறேன். வந்து போடு.

அரிகரன்


காலாப்பட்டு, மத்திய சிறை
14.9.2024

தம்பிக்கு,

அவர் வெளியே காத்திருக்கிறார். இப்போதே எழுதிக் கொடுத்தால் படித்துவிட்டு அவர் கையிலேயே கொடுக்கிறேன் என்றார் அதிகாரி அம்மா. வீட்டுக்காரர் முகம் வீங்கி, ஒரு கண் திறக்கவில்லை. ஆறு வருடத்தில் முதல் தரம் அவரைப் பார்த்துத் திட்டத் தோன்றவில்லை.

மூடிவிடு.

பதினெட்டாம் தேதி என்பார்கள், அப்புறம் இருபத்தைந்து என்பார்கள். நான் பிடி மண் போடுவதற்காக மரம் கருகினால், பிள்ளையை நான் இரண்டாம் தரம் கொன்ற மாதிரி. எனக்கு ஆசை இருக்கிறது.  இருந்தாலும் மூடு. இந்தக் கடிதம் கைக்கு வந்த நேரத்திலேயே மூடு, நாளை என்று வைக்காதே.

மண்வெட்டியால் தள்ளுவதற்கு முன்னால் ஒன்று செய். அன்றைக்கு நான் மட்டும் போடாமல் இல்லை. நீயும் போடவில்லை, சோகைக்குள் கிடந்தாய். அவள் "மாமா, மாமா" என்று உயிரை விட்டது உன் மேல்தான். மேற்குப் பக்கம் இறங்கி, எனக்காக மூன்று பிடி, உனக்காக மூன்று பிடி, நீயே போடு. வேறு யார் கையும் படக் கூடாது.

இடது கையால் மண் போடலாமா என்று எவனாவது வந்து சாஸ்திரம் பேசுவான். வலது கையை வெட்டினவளே போடச் சொன்னாள் என்று சொல்.

அக்கா